அந்நியர் ஒருவர் தேவை

பூங்காவில் சறுக்குமரத்திலிருந்து ஒரு குழந்தை குப்புற விழுகிறது. சுற்றியிருக்கிற அப்பா, அம்மா, வேடிக்கை பார்க்க வந்தவர் எல்லோரும் பதறிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருவர் மட்டும் ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, விழுந்த குழந்தை முதலில் யாரைத் திரும்பிப் பார்க்கிறது, எவ்வளவு நேரம் கழித்து அழத் தொடங்குகிறது, தூக்கியதும் எத்தனை சீக்கிரம் அடங்குகிறது என்று உற்றுக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

விழுந்தது அவருடைய குழந்தை.

வாசகரே, இவர்தான் ஆராய்ச்சியப்பா. முன்பெல்லாம் அப்பாக்களில் இரண்டே வகை: அடிக்கிற அப்பா, அடிக்காத அப்பா. இப்போது மூன்றாவதாக, படிக்கிற அப்பா. பிள்ளைகளின் மனம் பற்றி உலகத்தின் எந்த மூலையில் எவர் என்ன கண்டுபிடித்து வெளியிட்டாலும் அதைப் படித்து முடிக்காமல் இவருக்குத் தூக்கம் பிடிக்காது. பயந்துபோன குழந்தையின் எச்சிலில் எந்தச் சுரப்பு எந்த வேகத்தில் ஏறி எப்போது இறங்கும் என்று கேளுங்கள், படம் போட்டுக் காட்டுவார். அந்தக் குழந்தையின் சாக்ஸ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மனைவியைக் கூப்பிடுவார்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று இவரிடம் மரியாதைக்குக் கேட்டுவிடாதீர்கள். "எந்த அர்த்தத்துல கேக்கறீங்க?" என்பார். நீங்கள் ஏறவேண்டிய பஸ் போய்விடும். இவர் வீட்டில் 'அழாதே' என்ற சொல்லுக்குத் தடை. குழந்தையின் உணர்வுக்கு முதலில் பெயர் சூட்ட வேண்டும். அதற்கும் முன்னால் குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். முட்டி இரண்டும் சடக் சடக்கென்று நெட்டி முறிய, குந்தி உட்கார்ந்து, குரலைப் பஞ்சாக்கிக்கொண்டு கேட்பார்:

"கண்ணம்மா, உனக்கு இப்ப ஏமாற்றமா இருக்கு. அப்படித்தானே?"

"இல்லப்பா. நீ என் பென்சில் மேல உக்காந்திருக்கே."

பழக்கதோஷத்தில் மனைவியிடமும் இதே முறையைக் கையாள்வார். "உனக்கு இப்ப எரிச்சலா இருக்கு, எனக்குப் புரியுது" என்று அடுப்படியில் நின்று அவர் தொடங்கினால், "புரிஞ்சுதுன்னா அந்தக் குக்கரை இறக்குங்க" என்று பதில் வரும்.

இந்த இனத்தில் சிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். அவரை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிற கூடத்தில் பொறியாளர். கடைத் தராசு, ஆலையின் அழுத்தமானி, ஆஸ்பத்திரி வெப்பமானி என்று எது வந்தாலும், அது உண்மையைச் சொல்கிறதா என்று சோதித்து, சொன்னால் பச்சைச் சீட்டும் சொல்லாவிட்டால் சிவப்புச் சீட்டும் ஒட்டி அனுப்புவார். அந்தக் கூடத்தில் ஒரே வேதவாக்குதான் உண்டு: ஒரு முறை அளந்தது அளவே ஆகாது. அதே இடம், அதே சூடு, அதே கை. திரும்பத் திரும்ப அளந்தால்தான் அளவு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

மனைவி பல் மருத்துவர். நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டேன் என்று அலறும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்புகிறவர். ஒரே மகள், நாலு வயது. கூப்பிடுகிற பெயர் பட்டாணி. உருண்டு ஓடுவதால் வந்த பெயர்.

நம்மவர் பிறவியிலேயே ஆராய்ச்சியப்பா அல்ல. அவருடைய அப்பா போன வருஷக் கடைசியில் இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்ததுதான் இது. ஒரு சாவுக்குப் பின்னால் சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள், சிலர் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், சிலருக்குத் திடீரென்று தோட்ட வேலையில் ஆசை வரும். இவர் ஆய்வுக் கட்டுரைகளை இறக்கிப் படிக்கத் தொடங்கினார்.

அப்பா போன அன்று இவர் அழவில்லை. அழ நேரம் எங்கே இருந்தது? வண்டிக்குச் சொல்ல வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும், வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும். அக்கா தலைவிரி கோலமாக வந்து இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"டேய், அப்பா போயிட்டாருடா!"

"தெரியும் அக்கா. முப்பது நாற்காலி சொன்னேன், இருபத்தஞ்சுதான் வந்திருக்கு."

அக்கா பிடியை விட்டுவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ மனுஷனா, மிஷினாடா?" என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னிலையில். அவருக்குக் கோபம் வரவில்லை. கேள்வி நியாயமானது என்றே பட்டது. விடைதான் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. தாய் அறையை விட்டுப் போனால் சில குழந்தைகள் அழுவதில்லையாம். திரும்பி வந்தாலும் ஓடிப் போய் ஒட்டிக்கொள்வதில்லையாம். தம் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்குமாம். பார்க்கிறவர்கள், 'ஆகா, எவ்வளவு சமத்து' என்பார்களாம். ஆனால் நெஞ்சில் கருவியை ஒட்டிப் பார்த்தால் உள்ளே இதயம் அடித்துக்கொள்கிறதாம். அழுது பயனில்லை என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட பிள்ளைகள்.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டார். தன்னைப் பற்றி யாரோ ஆளை வைத்து விசாரித்து எழுதிய மாதிரி இருந்தது. அதையாவது தாங்கிக்கொண்டிருப்பார். அடுத்து வந்த நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் மழலைப் பள்ளி வாசலில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பெற்றவர்களின் காலைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டும்போது, பட்டாணி மட்டும் பையை மாட்டிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போவாள். இத்தனை நாளாக அதில் அவருக்குப் பெருமை. இன்றைக்கு அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. இந்த வறட்சி என்னிடமிருந்து இவளுக்கும் போய்விட்டதா? நாளைக்கு நான் போனாலும் இவள் நாற்காலிதான் எண்ணிக்கொண்டிருப்பாளா?

பட்டாணிக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

தெரிந்தாக வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது? மகளைக் கூப்பிட்டு, "அப்பாவை உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்கலாம். அது உங்களுக்கும் எனக்கும். கருவிக்காரருக்கு வாய்ச்சொல் எதற்கு? உலகமறிந்த ஒரு சோதனை இருக்கிறதே. ஓர் அறை, சில பொம்மைகள், குழந்தை, பெற்றவர், முன்பின் தெரியாத ஓர் ஆள். பெற்றவர் வெளியே போய்விட வேண்டும். சற்றுப் பொறுத்து உள்ளே வர வேண்டும். வந்தவரைக் குழந்தை எப்படி வரவேற்கிறது என்பதில்தான் சூட்சுமம். தத்தித் தத்தி நடக்கிற வயதுப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட சோதனை அது. இதை அவரும் படித்திருந்தார். பத்து கிலோத் தராசில் நாற்பது கிலோ மூட்டையை ஏற்றியதற்காகக் கூடத்தில் ஒரு பையனைப் பிடி பிடியென்று பிடித்தவர் அவர். வீட்டில் யார் அவரைப் பிடிப்பது?

முதல் அந்நியர், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். காபிக்கென்று கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கையில் பேப்பரைக் கொடுத்துவிட்டு நம்மவர் வெளியே போனார். கதவின் பின்னால் நின்றார். உள்ளே வந்தார். பட்டாணி கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா, சரி" என்றாள்.

வந்துட்டியா, சரி! நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு முறை அளந்தது அளவாகுமா? ஆகாது. மறுபடி செய்தார். வாஷிங் மிஷின் பழுது பார்க்க வந்தவரை உட்காரவைத்தார். பார்சல் கொண்டுவந்தவரை, வேறு விலாசம் தேடி வந்தவரை, மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாளை எல்லாம் உட்காரவைத்தார். அதே அறை, அதே நாற்காலி, அதே பேப்பர். பட்டாணியின் வரவேற்பு மட்டும் நாளுக்கு நாள் சுருங்கியது. கடைசியில் நிமிராமலே "ம்" என்றாள்.

அதைவிடப் பெரிய சங்கடம், அந்நியர்கள் தீர்ந்துபோனார்கள். உட்கார்ந்து எழுந்தவர்கள் எல்லாம் அவளுக்குத் தோழர்களாகிவிட்டார்கள். தெருவில் நடந்தால் ஆளுக்கு ஆள் அவளுக்குக் கையசைத்தார்கள். நம்மவரோ, பஸ் நிறுத்தத்தில் நிற்கிற முகமறியாத மனிதர்களை ஏக்கத்தோடு பார்க்கத் தொடங்கினார்.

"பேசாம பேப்பர்ல விளம்பரம் குடுத்துடுங்க" என்றார் பல் மருத்துவர். "அந்நியர் ஒருவர் தேவை. வயது தடையில்லை. மாலையில் மட்டும்."

"நீ இதைக் கேலியா எடுத்துக்கறே. அவ அழவே மாட்டேங்கறா."

"அழாத பிள்ளையைப் பார்த்து அழற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். என் கிளினிக்குல வந்து ஒரு நாள் உக்காருங்க. காது குளிரக் கேக்கலாம்."

அப்போதுதான் தெய்வமே அனுப்பிய மாதிரி அழைப்பு மணி அடித்தது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எந்த வீட்டிலும் கதவு பாதிக்கு மேல் திறந்து அறியாத மனிதர். "வாங்க வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க!" என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்ததும் மனிதர் ஆடிப்போனார். செருப்பைக் கழற்றுவதா, வந்த வழியே ஓடுவதா என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு தொழில் தர்மம் வென்றது. உட்கார்ந்தார். கையில் பேப்பர் வந்தது. வீட்டுக்காரர் காணாமல் போனார்.

கதவின் பின்னால் நம்மவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். உள்ளே பேச்சு கேட்டது.

"உங்க அப்பா எங்க பாப்பா கிளம்பிட்டாரு?"

"எங்கயும் போகல அங்கிள். கதவுக்குப் பின்னாடிதான் நிக்கறாரு."

"எதுக்கு?"

"நான் அழறேனான்னு பாக்க."

"நீ எதுக்கும்மா அழணும்?"

"தெரியல. அழலைன்னா அப்பா மூஞ்சி இப்படித் தொங்கிடும். அப்புறம் அம்மாகிட்ட இங்கிலீஷ்ல பேசுவாரு."

"ஓகோ."

"நீங்க பேப்பரைப் பிரிச்சுப் படிக்கணும் அங்கிள். என்கிட்ட பேசக் கூடாது. வாஷிங் மிஷின் அங்கிள் தலைகீழா வச்சுப் படிச்சாரு."

"மன்னிச்சுக்கம்மா. எனக்கு யாரும் சொல்லலை."

கொஞ்ச நேரம் பேப்பர் சரசரத்தது. பிறகு பட்டாணியின் குரல் ரகசியமாக வந்தது. "அங்கிள், நான் இப்ப அழட்டுமா?"

"ஏன், பயமா இருக்கா?"

"இல்ல. அப்பாவுக்கு ரொம்ப நேரம் நின்னா முட்டி வலிக்கும். பாவம்."

"அழுதுடும்மா. எனக்கும் இன்னொரு வீட்டுக்குப் போகணும்."

பட்டாணி அழுதாள். கிளம்ப மறுக்கிற பழைய வண்டியைப் போல இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பிடித்துக்கொண்டதும் அமோகமாக அழுதாள். சோதனை விதிப்படி நம்மவர் உள்ளே வந்தார், விதிப்படி தூக்கினார். அவர் தோளுக்கு மேலாக அவள் ஏஜென்டைப் பார்த்து, சரியா என்று புருவத்தை உயர்த்தினாள். அவர் பிரமாதம் என்று தலையாட்டினார்.

வாசகரே, நீங்களே சொல்லுங்கள். கதவுக்குப் பின்னால் நிற்கிற அப்பாவின் முட்டி வலிக்குமே என்று ஒரு நாலு வயதுக் குழந்தை இல்லாத அழுகையை வரவழைத்து அழுகிறது. இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? நம்மவருக்கு என்ன தோன்றியது தெரியுமா? சோதனைக்கு எடுத்த மாதிரியே கெட்டுப்போய்விட்டது என்று தோன்றியது.

"சார், இவ்வளவு பாசமான அப்பாவை நான் பார்த்ததே இல்லை" என்று தொண்டையைச் செருமினார் ஏஜென்ட். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா…" என்று பையைத் திறந்தார். சோதனையில் கலந்துகொண்டவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? நம்மவர் ஒரு பாலிசி எடுத்துக்கொண்டார்.

கண்ணீரை நம்ப முடியாது என்று ஆகிவிட்டது. இனி இதயத்தைத்தான் கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவியின் கிளினிக்கிலிருந்து விரலில் கவ்வி நாடித்துடிப்பைக் காட்டுகிற சின்னக் கருவியை எடுத்து வந்தார். பட்டாணியின் விரல் அதற்குள் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. அவளுக்கு அலுத்துவிட்டது. பிடுங்கி அப்பாவின் விரலில் மாட்டினாள்.

"இன்னைக்கு நீதான் பாப்பா. நான் அப்பா. கட்டையை அடுக்கு."

"இல்லடா, இது அப்படி…"

"அம்மா, நீ தெரியாத ஆளு. அங்க உக்காரு. பேசக் கூடாது."

பல் மருத்துவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மகிழ்ச்சியாக நாற்காலியில் அமர்ந்து, பேப்பரைப் பிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிய நாற்பது வயது மனிதர் தரையில் கட்டைகளுக்கு நடுவே உட்காரவைக்கப்பட்டார். பட்டாணி அவருடைய செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, டப் டப்பென்று வாசலுக்குப் போனாள். அவரைப் போலவே, திரும்பாமல், சுவரைப் பார்த்தபடி, "போயிட்டு வரேன்" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அவருடைய அப்பா ரயில் ஓட்டியவர். விடியலிலோ அந்தியிலோ, எந்த நேரம் வண்டியோ அந்த நேரம் கிளம்புவார். கொஞ்சுகிற வழக்கமெல்லாம் கிடையாது. வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், சுவருக்குச் சொல்வது போல, "போயிட்டு வரேன்" என்பார். வந்தும்விடுவார். எத்தனை தாமதமானாலும் வந்துவிடுவார். பிள்ளை அழாமல் இருந்ததற்குக் காரணம் ஒருவேளை அவ்வளவுதானோ என்னவோ. கடைசியாக அவர் அதைச் சொன்னது ஆஸ்பத்திரியில், அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போன சக்கரக் கட்டிலில் படுத்தபடி. அன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மகன் மருந்துக் கடைக்குப் போனார்.

"என்னங்க" என்றார் தெரியாத ஆள், பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்து. "நம்பர் கிடுகிடுன்னு ஏறுது."

"கருவி சரியில்லை."

"காலையிலதான் பேஷன்டுக்குப் போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது."

"எப்ப கடைசியா சரிபார்த்தது? பச்சைச் சீட்டு எங்க? சீட்டு இல்லாத கருவி காட்டறதை எல்லாம்…"

அதற்குள் வெளியே தடாலென்று ஒரு சத்தம். செருப்பு அலமாரிக் கதவு. தொடர்ந்து ஓர் அலறல். இது இழுத்துக் கிளப்பிய அழுகை இல்லை. கதவை உதைத்துக்கொண்டு பட்டாணி வந்தாள், நசுங்கிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி. அம்மா பேப்பரை வீசிவிட்டு இரண்டு கையையும் நீட்டி எழுந்தார். பட்டாணி அந்தக் கைகளுக்கு ஒதுங்கி, ஒரு செருப்பை நடுவழியில் உதறி, கட்டைக் கோபுரத்தைச் சிதறடித்து, நேரே வந்து அப்பாவின் நெஞ்சில் முட்டிக்கொண்டாள். சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். மூக்கையும் வாயையும் அதிலேயே வைத்துத் தேய்த்து அழுதாள்.

அவள் எத்தனை நேரத்தில் அடங்கினாள்? தெரியாது. முகத்தைப் பார்த்தாளா, பார்வையைத் தவிர்த்தாளா? தெரியாது. அந்த வீட்டில் நடந்த ஒரே உண்மையான சோதனையை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவர் மகளின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, அக்கம்பக்கம் கேட்கும்படி அழுதுகொண்டிருந்தார். உணர்வுக்குப் பெயர் எதுவும் சூட்டவில்லை. "அப்பா, அப்பா" என்று மட்டும் இரண்டு குரல்கள் கேட்டன. அதில் ஒன்று கட்டைக் குரல்.

பட்டாணிதான் முதலில் நிறுத்தினாள். விரலை மறந்து அவரை அண்ணாந்து பார்த்தாள். "உனக்கு எங்க நசுங்குச்சு?" என்றாள்.

பல் மருத்துவர் வந்து விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை, லேசான சிவப்பு. பிறகு கணவரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"பெத்தவ நான் கையை நீட்டிக்கிட்டு நிக்கறேன். என்னைத் தாண்டி ஓடறா பாருங்க."

"நீ தெரியாத ஆளும்மா" என்றாள் பட்டாணி, விக்கலுக்கு நடுவே.

"அதானே! விளையாட்டுக்கு என்னைத் தெரியாத ஆளுன்னு வச்சதாலதான் உங்ககிட்ட ஓடி வந்தா. இதுவும் செல்லாது."

"செல்லாட்டிப் போகட்டும்" என்றார் நம்மவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சொன்னது யார் என்று கவனியுங்கள். ஒரு நூல் பிசகிய தராசுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறவர்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, நான் அழுதேன்."

"என்னடா ஆச்சு? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. அப்பாவுக்காக."

அந்தப் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. "இத்தனை மாசமா உன் பங்கையும் சேர்த்து நான் ஒருத்தியே அழுதுட்டிருந்தேன்டா" என்றாள் அக்கா. "சரி, இனிமே நீ பார்த்துக்கோ. எனக்குக் கொஞ்சம் ஓய்வு குடு."

நம்மவர் குணமாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனம் அவ்வளவு சுலபத்தில் குணமாகாது. பெற்றவர் கண்ணீரைக் கண்ட பிள்ளைகள் பற்றி யார் என்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்று அன்றைக்கே தேட ஆரம்பித்தார். மடியில் பட்டாணி உட்கார்ந்திருந்ததால் ஒரு கையால்தான் தேட முடிந்தது, அவ்வளவே வித்தியாசம்.

இனி உங்கள் விஷயம். இவ்வளவு நேரம் சிரித்தபடி படித்தீர்கள், சந்தோஷம். நடுவே பக்கத்து அறையிலிருந்து ஒரு சின்னக் குரல் உங்களை இரண்டு தடவை கூப்பிட்டது. "இதோ, இந்தப் பக்கம் முடியட்டும்" என்றீர்கள். பிள்ளைகள் மனதைப் பற்றித்தானே படிக்கிறோம், இதுவும் ஒரு வகையில் பிள்ளைக்காகத்தானே என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டீர்கள். மூன்றாவது தடவை குரல் வரவில்லை. இப்போது அந்த அறையில் சத்தமே இல்லை.

சத்தமே இல்லாத அறையில் ஒரு பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும் என்று கண்டுபிடிக்க ஆய்வு எதுவும் தேவையில்லை. எழுந்து ஓடுங்கள்.